வாசகர் கேள்வி – பதில்: பரணிலிருந்து இறங்கும் ரயில்கள்

பெற்றோர் விட்டுச்சென்ற மாடல் ரயில் சேகரிப்பை என்ன செய்வது என்று பிரிட்டனிலிருந்தும் சென்னையிலிருந்தும் சில கடிதங்கள் வந்துள்ளன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஒரு கேள்வியாகப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கே: அப்பா போன மாசியில் காலமாகிட்டார். மேல் பரணில் அறுபத்தஞ்சு பெட்டி ரெயில் கிடக்கு. ஹார்ன்பி, பாக்மன் எண்டு எழுதியிருக்கு. நாலு மாசத்துக்குள்ள வீட்டை வித்துப்போட்டு வெளிக்கிடோணும். ஒரு வியாபாரி வந்து பார்த்திட்டு எல்லாத்துக்கும் சேர்த்து 900 பவுண் தாறன் எண்டவர். குடுக்கலாமோ?
— வாசகி, ஹரோ, லண்டன்

ப: இப்போதைக்கு ஆம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். அந்த விலையை எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். 900 பவுண்டை 65 பெட்டிக்குப் பங்கிட்டால் பெட்டிக்கு 14 பவுண்டுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. உள்ளே இருப்பவை 1970களின் பிளாஸ்டிக் வேகன்கள் என்றால் அது நியாயமான விலைதான். கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த எஞ்சின்கள் பாதிக்குப் பாதி இருந்தால் அது அடிமாட்டு விலை. எது என்று பட்டியல் போடாமல் உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வியாபாரிக்குத் தெரியும். சிக்கல் அங்கேதான்.

முதல் வேலை, எதையும் இடம் மாற்றாமல் தட்டு தட்டாகப் படம் எடுப்பது. எந்த எஞ்சினுக்கு எந்த டெண்டர் (கரியும் தண்ணீரும் ஏற்றும் பின்வண்டி), எந்தக் குட்டிப் பையில் இருக்கும் பாகங்கள் எதனுடையவை என்பதெல்லாம் பக்கத்தில் என்ன இருந்தது என்பதை வைத்துத்தான் பின்னால் தெரியவரும். பல எஞ்சின்களுடன் பிரேக் கம்பி, குழாய், மாற்றுக் கொக்கி என்று நகக்கண் அளவுப் பாகங்கள் சிறு பிளாஸ்டிக் பையில் வரும். அந்தப் பை வழக்கமாக உள்தட்டுக்கு அடியில் கிடக்கும். அது இல்லாவிட்டால் வாங்குபவர் விலையைக் குறைப்பார்.

இரண்டாவது, காலி அட்டைப் பெட்டிகள். எஞ்சினைத் தண்டவாளத்தில் நிறுத்திவிட்டுப் பெட்டியை அலமாரியின் மேலோ கட்டிலுக்கு அடியிலோ போட்டுவைப்பது எல்லாச் சேகரிப்பாளர்களுக்கும் உள்ள பழக்கம். வீடு காலிசெய்யும்போது முதலில் குப்பைக்குப் போவது அவைதான். ஹார்ன்பி டப்ளோ, ரென் என்ற பழைய தயாரிப்புகளின் பெட்டிகளைக் காலியாகவே காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்பா கையால் எழுதிய நோட்டு, கடை ரசீது, விளக்கத்தாள் எதையும் எறிய வேண்டாம்.

பிறகு பட்டியல். ஒருவர் வாசிக்க ஒருவர் எழுதினால் 65 பெட்டி இரண்டு மத்தியான வேலை. தயாரிப்பாளர், பெட்டியின் முனையிலுள்ள எண், எஞ்சினின் பக்கவாட்டில் எழுதிய பெயரும் எண்ணும், பெட்டியின் நிலை, என்ன குறை என்று ஐந்து கட்டம் போதும். ஹார்ன்பி எண்கள் ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும். எண்ணுக்குப் பின்னால் ‘எக்ஸ்’ இருந்தால் உள்ளே டிஜிட்டல் டிகோடர் (கன்ட்ரோலரின் டிஜிட்டல் கட்டளைப்படி எஞ்சினை ஓட்டும் சிறு மின்பலகை) உண்டு, ‘டிடிஎஸ்’ (TTS) என்றிருந்தால் ஒலியும் உண்டு. பாக்மனில் ‘டிசி’ (DC) என்று முடிந்தால் டிகோடர், ‘டிஎஸ்’ (DS) என்று முடிந்தால் ஒலி. ‘டிசிசி ரெடி’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். டிகோடர் செருகத் துளை இருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. விற்றபின் திரும்பி வரும் பொருட்களில் இந்தக் குழப்பத்தால் வருபவை நிறைய.

பெட்டியில்லாத உருப்படி என்றால் தண்டவாளத்தின் உள்விளிம்புக்கு உள்விளிம்பு அளந்து பாருங்கள். 16.5 மில்லிமீட்டர் என்றால் பிரிட்டனில் பெரும்பாலும் ஓஓ, அதாவது 1:76, அசலில் 76இல் ஒரு பங்கு அளவு. ஐரோப்பியக் கம்பெனி என்றால் அதே அகலத்தில் எச்ஓ, 1:87. 9 மில்லிமீட்டர் என்றால் என் கேஜ், 32 என்றால் ஓ கேஜ். ஓ கேஜில் பித்தளைத் தகட்டில் கையால் கட்டிய எஞ்சின் ஏதாவது கண்ணில் பட்டால் அதைத் தனியாக எடுத்து வைத்து, கட்டியவர் யார் என்று அப்பாவின் நோட்டில் தேடுங்கள். நல்ல கை கட்டியதற்கும் கற்றுக்குட்டி கட்டியதற்கும் விலையில் பத்து மடங்கு வித்தியாசம் வரலாம்.

துடைக்க வேண்டாம். கழுவவே வேண்டாம். தூசியை மட்டும் மென்மையான மேக்கப் பிரஷ்ஷால் தட்டலாம். சர்ஜிகல் ஸ்பிரிட், தின்னர் எது பட்டாலும் எண்களும் மெல்லிய கோடுகளும் அழிந்துவிடும்.

பட்டியல் கையில் வந்தபின் மூன்று வழி உண்டு. வியாபாரி மொத்தமாக எடுப்பார், ஒரே நாளில் வேலை முடியும். தான் விற்கக்கூடிய விலையில் பாதியை ஒட்டித்தான் தருவார். கடை வாடகையும் விற்காமல் கிடக்கும் சரக்கும் அவர் தலையில் என்பதால் அதைக் கொள்ளை என்று சொல்ல முடியாது. ஆனால் நல்ல பத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு மீதியை உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள். எடுத்தால் எல்லாம், இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ஏலம். பொம்மைகளுக்கென்றே ஏலம் நடத்தும் நிறுவனங்கள் உண்டு, வடகிழக்கு இங்கிலாந்தில் தார்னபியிலுள்ள வெக்டிஸ் அவற்றில் ஒன்று. ஊர்ப் பொது ஏலத்தில் மர பீரோவுக்கும் பீங்கானுக்கும் நடுவே இதை வைத்தால் வாங்கத் தெரிந்தவர் வரமாட்டார். ஏலக் கணக்கை இப்படிப் பாருங்கள். ஒருவர் கையிலிருந்து மொத்தம் 100 பவுண்டு போகலாம் என்று நினைத்து வருகிறார். வாங்குபவர் கட்டணம் 25 சதவீதம், அதன்மேல் 20 சதவீத வாட் வரி என்றால் அவர் கூவக்கூடியது சுமார் 77. உங்களிடம் 15 சதவீதத் தரகும் அதற்கு வாட்டும் பிடித்தால் கைக்கு வருவது 63. படக் கட்டணம், காப்பீடு என்று தனியாகவும் பிடிப்பார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்த வரிகளைக் கேட்டு வாசியுங்கள்.

கடைசி வழி ஈபேயில் தனித்தனியாக விற்பது. கைக்கு வருவது அதில்தான் அதிகம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் படம், விவரம், கேள்விக்குப் பதில், பொதி கட்டுதல், தபால் நிலையம் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 12 பவுண்டு வேகனுக்கு அது கட்டாது.

உங்கள் நிலைமையில் எங்கள் யோசனை: பட்டியலில் மேலே வரும் பத்துப் பன்னிரண்டை ஈபேயில் விற்றுவிட்டு, மீதியை மொத்தமாக அதே வியாபாரியிடமும் இன்னும் இருவரிடமும் விலை கேளுங்கள். மேலே உள்ளதை எடுத்துவிட்டீர்கள் என்பதை மறைக்க வேண்டாம். அவர் ஏற்கெனவே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

கே: ஈபேயில் ஒரே எஞ்சின் 40 பவுண்டுக்கும் இருக்கிறது, 400க்கும் இருக்கிறது. அப்பாவுடையது எல்லாம் 1950, 60களின் ஹார்ன்பி டப்ளோ. பழசு என்பதால் விலை அதிகமாக இருக்கும்தானே?
— வாசகர், லெஸ்டர்

ப: பழசு என்பதால் விலை வராது, அரிது என்றால் வரும். அதுவும் இப்போது முன்போல் இல்லை. சிறு வயதில் கடைக் கண்ணாடியில் பார்த்து ஏங்கி, வேலைக்குப் போனபின் வாங்கித் தீர்த்த தலைமுறைதான் டப்ளோவைத் தூக்கிப் பிடித்தது. அவர்கள் வீடுகளிலிருந்தே சரக்கு சந்தைக்குத் திரும்பி வரும்போது விலை இறங்காமல் என்ன செய்யும்?

ஈபேயில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ‘விற்றவை’ என்ற வடிகட்டியைத் தட்டி, அதே எண், அதே நிலை, பெட்டியோடு என்று பொருந்தும் கடைசி ஐந்து விற்பனையை எடுங்கள். மேலே ஒன்றையும் கீழே ஒன்றையும் தள்ளிவிட்டு மீதி மூன்றின் சராசரிதான் உங்கள் விலை.

டப்ளோவில் எது அரிது என்பதைக் கம்பெனியின் கதையே சொல்லிவிடும். லிவர்பூல் மெக்கானோ கம்பெனி 1938இல் நடுவில் மூன்றாவது தண்டவாளத்தோடு இதை இறக்கியது. போட்டிக் கம்பெனிகள் இரண்டு தண்டவாளத்துக்கு மாறிவிட்டபின், தாமதமாக 1959இல்தான் டப்ளோவும் மாறியது. ட்ரை-ஆங் ரயில்களைச் செய்த லைன்ஸ் சகோதரர்கள் 1964இல் மெக்கானோவை வாங்கிவிட்டார்கள். ஆகவே போருக்குப் பின் பல ஆண்டுகள் தொடர்ந்து விற்ற ‘டச்சஸ் ஆஃப் மாண்ட்ரோஸ்’, ‘சர் நைஜல் கிரெஸ்லி’ மூன்று தண்டவாள எஞ்சின்கள் வீட்டுக்கு வீடு உண்டு. கடைசிச் சில ஆண்டுகளில் வந்தவைதான் குறைவு. ஒரே வார்ப்பில் இரண்டு தண்டவாளத்துக்கு ‘பார்ன்ஸ்டேபிள்’, மூன்று தண்டவாளத்துக்கு ‘டார்செஸ்டர்’ என்று விட்டார்கள். மூன்று தண்டவாளத்தை எல்லாரும் கைவிட்டுக்கொண்டிருந்த நேரம் என்பதால் ‘டார்செஸ்டர்’ அதிகம் விற்கவில்லை. இன்று அதற்குத்தான் கிராக்கி.

டப்ளோவின் அச்சுகளை வாங்கி ரென் கம்பெனி 1990களின் தொடக்கம் வரை எஞ்சின்கள் செய்தது. ரென்னில் அரிதான வண்ணங்களுக்கு நல்ல விலை, அதனாலேயே போலியும் நிறைய. சாதாரண எஞ்சினின் மேல்கூட்டை மாற்றி, நகல் பெட்டியில் போட்டு அரிய ஒன்றாக விற்பார்கள். அப்பாவே அப்படி ஏமாந்து வாங்கியிருக்கலாம். ஆகவே 300 பவுண்டுக்கு மேல் மதிப்பிருக்கும் என்று தோன்றும் ரென் எதையும் நீங்களே ‘அசல்’ என்று எழுதி விற்காதீர்கள், ஏலக்காரர் சரிபார்க்கட்டும்.

கே: ஓடுகிறதா என்று பார்க்க ஒரு எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து கன்ட்ரோலரைத் திருகினேன். ‘ம்ம்ம்’ என்று இரைந்தது, சூடான வாசனை வந்தது, நிறுத்திவிட்டேன். கெடுத்துவிட்டேனா?
— வாசகர், கவென்ட்ரி

ப: உடனே நிறுத்தியதால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். அது டிகோடர் இல்லாத சாதாரண டிசி (நேர்மின்சாரத்தில் ஓடும்) எஞ்சின், உங்கள் கன்ட்ரோலர் டிஜிட்டல் என்று நினைக்கிறோம். டிஜிட்டல் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கும். டிகோடர் இல்லாத மோட்டார் அதில் நகராமல் நின்றபடி இரைந்து சூடாகும். சுருளின் நடுவில் இரும்பு இல்லாத (கோர்லெஸ்) சிறு மோட்டார் என்றால் சில நிமிடங்களில் கருகிவிடும்.

இன்னொரு காரணம், இருபது வருடம் ஓடாத எஞ்சினில் கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். சக்கரத்தைக் கையால் வலிந்து சுற்றாதீர்கள், பல்சக்கரம் உடையும். அச்சுக்கு ஒரு துளி என்று மெல்லிய எண்ணெய் விட்டு, ஓர் இரவு விட்டு, 12 வோல்ட் டிசி கன்ட்ரோலரில் பாதி வேகத்தில் முன்னுக்குப் பத்து நிமிடம், பின்னுக்குப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயை வைத்துத் தீர்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அது எல்லா இடத்திலும் பரவித் தூசியைப் பிடித்துவைக்கும்.

பழைய டப்ளோ, ட்ரை-ஆங் மோட்டாரில் நடுச்சுருளைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அந்தக் காலக் காந்தங்கள், நடுவிலுள்ள இரும்பை எடுத்தவுடன் வலுவிழக்கும். திரும்பப் பொருத்தினால் எஞ்சின் மெதுவாகவும் சூடாகவும் ஓடும்.

சோதிக்கும்போதே அடிச்சட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலும் மசாக் என்ற துத்தநாகக் கலவையில் வார்த்தது அது. வார்க்கும்போது ஈயம் போன்ற அசுத்தம் கலந்திருந்தால் ஆண்டுகள் கழித்து உலோகம் தானாகவே வீங்கி, மயிரிழை விரிசல் விட்டு, பிஸ்கட் மாதிரி உதிரும். போருக்கு முந்தியவற்றில் மட்டும் வரும் நோய் என்று நினைப்பார்கள், சமீபத்தில் செய்தவற்றிலும் வருகிறது. மருந்து கிடையாது. பக்கத்து எஞ்சினுக்குத் தொற்றாது. அதை மறைக்காமல் ‘பாகங்களுக்கு’ என்று விற்றால் மேல்கூட்டுக்கும் சக்கரத்துக்கும் ஆள் வருவார்கள்.

ஓட்டிப் பார்க்க வசதியில்லை என்றால் ‘சோதிக்கவில்லை’ என்று எழுதிவிடுங்கள். கொஞ்சம் விலை குறையும், தகராறு வராது. வயர் உறை வெடித்திருக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மரைச் சுவரில் செருகவே வேண்டாம். விற்பதாக இருந்தாலும் பிளக்கை வெட்டிவிட்டு விற்பதே நல்லது.

கே: கராஜில் 12 அடிக்கு 8 அடி மேசையில் மலை, ஸ்டேஷன், குகை என்று முழு ஊரே கட்டியிருக்கிறார். அப்படியே விற்க முடியுமா?
— வாசகி, குராய்டன்

ப: முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இலவசம் என்றால்கூட எடுத்துப்போக ஆள் கிடைப்பது அபூர்வம். வாங்குபவருக்கு அவரவர் ஊர், அவரவர் கற்பனை. மேசையை 4 அடிக்கு 2 அடி துண்டுகளாகப் பிரியும்படி கட்டியிருந்தால் மட்டும் பக்கத்து மாடல் ரயில் கிளப்பில் கேட்டுப் பாருங்கள்.

பிரிக்கத் தொடங்கும் முன் ஓடும்போதே ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். பிறகு கட்டடங்கள், சிக்னல்கள், அதன்பின் தண்டவாளம். தண்டவாளத்தில் மதிப்புள்ளது பாயிண்ட்கள், அதாவது பாதை பிரியும் இடங்கள்தான். அடியில் அவற்றைத் தள்ளும் மோட்டார்களும் சேரும். நேர்த்தண்டவாளத்துக்கு அரைக்காசு. ஜல்லியைப் பெவிகால் மாதிரியான வெள்ளைப் பசையில் ஒட்டியிருப்பார். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்பு கலந்து தெளித்து, அரைமணி ஊறவிட்டு, தட்டையான கரண்டியால் அடியிலிருந்து நெம்பினால் உடையாமல் வரும். மின்சாரத்தை முதலிலேயே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. பாயிண்ட்டின் அடியில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்து, இடது, வலது என்று பிரித்து ஐந்தைந்தாக விற்கலாம்.

கே: வரி கட்ட வேண்டுமா?
— மூன்று வாசகர்கள்

ப: பிரிட்டனில், உயிலை நிறைவேற்ற நீதிமன்ற அனுமதி கேட்கும் புரோபேட் விண்ணப்பத்தில் சேகரிப்பின் மதிப்பு வர வேண்டும். அது அப்பா வாங்கிய விலையோ காப்பீட்டு விலையோ அல்ல, அவர் இறந்த அன்று சந்தையில் விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய விலை. ஏலக்காரர் ஒருவரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். உயில் நிறைவேற்றுபவர் நீங்கள் இல்லையென்றால் அவர் சம்மதமில்லாமல் ஒரு வேகன்கூட விற்காதீர்கள். விற்கும்போது வரும் ஆதாயத்துக்கான வரி, ஒரு பொருள் 6,000 பவுண்டுக்குள் விற்றால் வராது. ஆண்டில் 30 பொருளோ 2,000 யூரோவுக்கு நிகரான தொகையோ எட்டினால் ஈபே போன்ற தளங்கள் வரித்துறைக்கு விவரம் அனுப்பும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விவரம் அனுப்புவது வேறு, வரி விதிப்பது வேறு. கேட்டால் காட்டப் பட்டியலும் மதிப்பீடும் கையில் இருக்கட்டும்.

கே: அப்பா ஜெர்மனியில் வேலை பார்த்தபோது வாங்கிய மார்க்லின் ரயில்கள், இரும்பு டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறோம். சென்னையில் யார் வாங்குவார்கள்?
— வாசகர், பெரம்பூர்

ப: முதலில் அந்துருண்டையை எடுத்து வெளியே போடுங்கள். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். கோச்சுகளின் மேல் வெள்ளையாகப் படிந்தும் நிற்கும். எல்லாவற்றையும் நிழலில், மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் ஆறவிட்டு, சிலிகா ஜெல் பையோடு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். பெட்டிக்குள் மெத்தையாக இருந்த நுரைப்பஞ்சு நம் ஊர்ப் புழுக்கத்தில் பிசுபிசுவென்று உருகிப் பெயிண்டில் ஒட்டும். அப்படி இருந்தால் பஞ்சை எடுத்துவிட்டு டிஷ்யூ பேப்பரில் சுற்றுங்கள்.

உள்ளூரில் வாங்குபவர் குறைவு, காரணம் மின்சாரம். மார்க்லின் எச்ஓ ரயில்கள் ஏசியில் (மாறுமின்சாரத்தில்) ஓடுபவை, நடுவில் புள்ளி புள்ளியாக இருக்கும் தொடர்பிலிருந்து மின்சாரம் எடுப்பவை. இரு சக்கரங்களுக்கும் இடையே மின்காப்பு கிடையாது. மற்றவர்கள் வைத்திருக்கும் இரண்டு தண்டவாள டிசி பாதையில் வைத்தால் உடனே ஷார்ட் ஆகும்.

கூடவே உள்ள நீல நிற இரும்பு டிரான்ஸ்ஃபார்மரைப் பயன்படுத்தாதீர்கள். 220 வோல்ட்டுக்குச் செய்தது அது. திசை மாற்ற அனுப்பும் 24 வோல்ட் அடி, நம் 230க்கும் அதற்கு மேலும் ஏறும் மின்சாரத்தில் இன்னும் கூடும். பழைய எஞ்சின் தாங்கினாலும் டிஜிட்டல் எஞ்சினின் டிகோடர் போய்விடும். எண் 36, 37 என்று தொடங்கும் நான்கு இலக்கமாக இருந்தால் பொதுவாக டிஜிட்டல்.

நல்ல சந்தை ஜெர்மனிதான். இங்கிருந்து அனுப்பினால் வாங்குபவர் 19 சதவீத இறக்குமதி வரி கட்ட வேண்டும், அதை மனதில் வைத்தே விலை கொடுப்பார். ஆகவே எஞ்சின்களை மட்டும் அனுப்புங்கள். தகரத்தாலான எம் வகைத் தண்டவாளம் துருவேறியிருக்கும், கனம் வேறு, தபால் செலவுக்கே ஆகாது. உறவினர் யாராவது விமானத்தில் கொண்டுபோனாலும் விற்பதற்கான சரக்கைச் சுங்கத்தில் சொல்ல வேண்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருள் என்றால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி இந்தியாவிலிருந்து அனுப்ப முடியாது. உங்கள் அப்பா கடையில் புதிதாக வாங்கியதற்கு அந்தக் கவலை இல்லை.

கே: முதலில் அனுப்பிய எஞ்சினே உடைந்துபோய்த் திரும்பி வந்துவிட்டது. எப்படிக் கட்டுவது?
— வாசகர், மில்டன் கீன்ஸ்

ப: எஞ்சினை உடைப்பது வெளியிலிருந்து வரும் அடி இல்லை, அதன் சொந்தக் கனம்தான். டப்ளோ மாதிரி உலோக வார்ப்பு பெட்டிக்குள் அரை அங்குலம் ஆடினாலே முன்கொக்கியும் படிக்கட்டும் முறிந்துவிடும். எஞ்சினை அமிலமில்லாத டிஷ்யூ பேப்பரில் சுற்றி, ஆடாத அளவுக்கு முன்னும் பின்னும் பேப்பரைத் திணியுங்கள். டெண்டரைக் கழற்ற முடிந்தால் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். குமிழி உறை பெயிண்டைத் தொடக் கூடாது, வட்ட வட்டமாக அச்சு விழும். அசல் பெட்டியில் டேப் ஒட்டினால் பெட்டியின் விலை அங்கேயே போயிற்று. பெட்டியைக் காகிதத்தில் சுற்றி, அதன்மேல் குமிழி உறை, அதை எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் இடம் விட்ட கெட்டியான வெளிப்பெட்டியில் வைத்து இடைவெளியை நிரப்புங்கள். கட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுங்கள். நஷ்டஈடு கேட்டால் முதலில் கேட்பது அதைத்தான். மூடியபின் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், உள்ளே ‘டொக்’ என்று கேட்டால் பிரித்து மறுபடி கட்டுங்கள்.